எறும்பு இல்லாத விரிசல்

புதுச் சுவரைப் பழசாக்குறதுதான் என் வேலை. "உலகத்துல எல்லாரும் பழசைப் புதுசாக்கிப் பிழைக்கிறாங்க, எங்க அண்ணி புதுசைப் பாழாக்கிச் சம்பளம் வாங்குறாங்க"ன்னு என் நாத்தனார் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுவா. சொல்லட்டும். அவ சொல்றதுல பொய் ஒண்ணும் இல்லை.

நான் இருக்கிறது ஒரு தீம் பார்க்ல. ராட்டினம், ரயில், தண்ணிச் சறுக்கு இதெல்லாம் எந்த பார்க்லயும்தான் இருக்கு. எங்க பார்க்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி நாங்க மூணு வருஷம் மெனக்கெட்டது வேற விஷயத்துக்கு. கோட்டைப் பகுதியிலிருந்து காட்டுப் பகுதிக்குப் போனா, செங்கல் தரை முடிஞ்சு கூழாங்கல் தரை வரும். இடம் மாறிடுச்சுன்னு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே காலுக்குத் தெரிஞ்சுடும். கடைத்தெருவுல மேல்மாடி ஜன்னலெல்லாம் கீழ்மாடி ஜன்னலைவிட ஒரு சுத்து சின்னது. அதனால ரெண்டு மாடி மூணு மாடி உயரத்துக்குத் தெரியும். பூட்டின கதவு ஒண்ணுல, ஆறு வயசுப் பிள்ளை கண்ணு வைக்கிற உயரத்துல ஒரு சாவித்துவாரம் இருக்கு. உள்ள பார்த்தா ஒரு குட்டி அறை, குட்டி மேஜை, ஆணியில மாட்டின குட்டிச் சட்டை. பெரியவங்க பார்க்கணும்னா முட்டி போட்டாகணும். குப்பைத் தொட்டி முப்பது அடிக்கு ஒண்ணு. ஏன்னா கையில இருக்கிற ஐஸ்க்ரீம் தாளை மனுஷன் முப்பது அடிதான் தூக்கிட்டு நடப்பான், அப்புறம் கீழ போட்டுடுவான். நாங்களே தாளைப் பிடிச்சுட்டு நடந்து நடந்து எண்ணிப் பார்த்தோம்.

இதையெல்லாம் யாரும் பார்த்துட்டு ஆஹான்னு கை தட்டப் போறதில்லை. எடுத்துட்டா மட்டும், என்னமோ குறையுதேன்னு சொல்லிட்டுப் போவாங்க. அந்த 'என்னமோ'வுக்குத்தான் எங்களுக்கெல்லாம் சம்பளம்.

என் பங்கு பாசி, துரு, மழைக்கறை, விரிசல். அதுலயும் விரிசல்ல என்னை அடிச்சுக்க ஆளில்லை. ஆணியால லேசாக் கீறி, அதுல கருப்பும் பழுப்பும் கலந்த சாயத்தை ஓட விட்டு, கட்டைவிரலால தேய்ச்சு, வெயில் படுற பக்கம் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு இழுத்து, மேல ஒரு பூச்சு பூசிட்டா, சுவர் இருநூறு வருஷம் கஷ்டப்பட்ட மாதிரி நிக்கும். பார்க்ல என் பேரே விரிசலக்காதான். இன்னொண்ணும் சொல்லிடுறேன். எனக்குக் கோபம் மூக்கு மேல நிக்கும். எப்படியும் கொஞ்ச நேரத்துல நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

முதல் வருஷம் நடந்தது இது. கோட்டை வாசல்ல மூணு நாள் உக்காந்து ஒரு விரிசல் போட்டேன். நாலாவது நாள் காலையில வந்து பார்க்கிறேன், பராமரிப்பு ஆளுங்க ரெண்டு பேர் அதை வெள்ளை சிமெண்டால அடைச்சு, பட்டி பார்த்து, வழுவழுன்னு தேய்ச்சு வெச்சுட்டு, "அக்கா, சுவர் விட்டிருந்துச்சு, சரி பண்ணிட்டோம்"னு பல்லைக் காட்டிட்டு நிக்கிறாங்க. அன்னைக்கு நான் போட்ட சத்தத்துல, ரயில் தண்டவாளம் போட்டுட்டு இருந்தவங்க யாருக்கோ அடிபட்டுடுச்சுன்னு ஓடி வந்தாங்க.

அப்போ நான் போட்ட சட்டம்தான் எறும்பு. நான் போடுற ஒவ்வொரு விரிசலோட முனையிலயும் ஒரு கருப்பு எறும்பு வரைவேன். எறும்பு இருந்தா அது என்னோடது, எவனும் கை வைக்கக் கூடாது. எறும்பு இல்லைன்னா அது நிஜ விரிசல், உடனே வேலையை நிறுத்திட்டு இன்ஜினியர்கிட்ட சொல்லணும். கண்ணு மட்டத்துல இருக்கிற எறும்பு கடுகளவு. உயரம் கூடக் கூட எறும்பும் பெருசாகும். இருபது அடிக்கு மேலன்னா உள்ளங்கை அளவு. பார்க்கோட விதிப் புத்தகத்துலயே இதை ஏத்திட்டாங்க. பிள்ளைங்க எறும்பைத் தேடிப் பார்க்கட்டும்னு ரயில் நிலையத்துல பித்தளைத் தூரக்கண்ணாடி ஒண்ணும் மாட்டினாங்க. எனக்குத் தலை கால் புரியலை.

மூவாயிரத்துச் சொச்சம் விரிசல் போட்டிருக்கேன். ஒண்ணுலகூட எறும்பை விட்டதில்லை. இதை எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை பீத்திக்கிட்டேன்னு கேக்காதீங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

எறும்புக்குன்னே என்கிட்ட ஒரு பிரஷ் இருந்துச்சு. மூணே முடி இருக்கிற மாதிரி மெலிசு. போன வருஷம் அது காணாமப் போச்சு. அந்தப் பராமரிப்பு ஆளுங்க ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் எடுத்திருக்கணும்னு நான் முடிவு கட்டி, பத்து மாசமா அவனைக் காலையில பார்த்தா ஒரு திட்டு, சாயங்காலம் பார்த்தா ஒரு திட்டு.

இனி எங்க வீட்டுக்காரர். நான் பழசாக்குற சுவரையெல்லாம் கட்டுறது அவர்தான். கம்பி வளைச்சு, வலை கட்டி, மேல சிமெண்ட் கலவையைப் பீச்சி, அது இறுகுறதுக்குள்ள கரண்டியாலயும் கட்டைப் பிரஷாலயும் செதுக்கிப் பாறை ஆக்கிடுவார். பார்க்ல அவர் பேரு பாறை. வாயும் அப்படித்தான், ஒரு வார்த்தை வாங்க நாலு தடவை தட்டணும்.

போன வருஷம் மலை வேலை நடக்கிறப்போ சாரத்துப் பலகை நழுவி விழுந்துட்டார். இடது கால் ரெண்டு இடத்துல உடைஞ்சுது. போன் வந்தப்போ நான் கிணத்தடிச் சுவர்ல வேலையா இருந்தேன். கையில இருந்ததைப் போட்டுட்டு ஓடினவதான், பதினொரு நாள் ஆஸ்பத்திரியை விட்டு நகரலை. முதல் ரெண்டு நாள் காலை எடுத்துடணுமோன்னு டாக்டரே இழுத்தார். நல்ல வேளை, எடுக்கலை. அப்புறம் ஏழு மாசம் வீட்டுல சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருந்தார். ரெண்டு மாசம் முன்னாடிதான் ஊன்றுகோலோட வேலைக்கு வந்தார். மேனேஜரம்மா, "திறப்பு முடியட்டும், அப்புறம் உங்களை வெச்சுக்கிறதைப் பத்திப் பேசலாம்"னு சொல்லியிருந்தாங்க. அந்த 'பேசலாம்' எங்க வீட்டுல மூணு பேருக்கும் தொண்டையில முள்ளு மாதிரி கிடந்துச்சு. மூணாவது ஆள் எங்க பொண்ணு. ஏழு வயசு. முதல் நாள் முதல் ரயில்ல ஏறப்போறது அவ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான்.

திறப்புக்கு ரெண்டு நாள் முன்னாடி. காலை எட்டரை மணி. யாரோ நல்லது பண்றதா நினைச்சு விளக்குக் கம்பத்துல நான் வெச்ச பாசியைச் சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டாங்க. அவங்களை நிக்க வெச்சுப் பேசிட்டு இருக்கேன், பின்னாடி ஒருத்தர் கனைச்சார். பாதுகாப்பு அதிகாரி. பட்டப்பகல்லயும் டார்ச்சோடதான் நடப்பார், அதனால டார்ச் சார். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்க்கிற மனுஷன்.

"அம்மா, ரயில் சுரங்கத்து வளைவு. வடக்குப் பக்கம். ஒரு விரிசல் இருக்கு. எறும்பு இல்லை."

"நல்லாப் பாருங்க சார். எறும்பு இல்லாம இருக்காது."

"நாலு தடவை பார்த்துட்டேன்மா."

"அஞ்சாவது தடவை நான் பார்க்கிறேன், வாங்க"ன்னு விறுவிறுன்னு நடந்தேன். போற வழியெல்லாம் அந்த மனுஷனோட கண்ணாடிக்கு வயசாச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ரயில் நிலையத்துத் தூரக்கண்ணாடியோட பித்தளைக் குழாய்ல கண்ணை வெச்சேன். வளைவோட உச்சிக்குப் பக்கத்துல தொடங்கி, ரெண்டு முழத்துக்கு இறங்கி, ரெண்டு இடத்துல வளைஞ்சு, நடுவுல ஒரு கிளை விட்டு, ஒரு பாறை மடிப்புக்கு மேல வந்து நிக்குது. எறும்பு இல்லை. இடப்பக்கம் இல்லை, வலப்பக்கம் இல்லை, எங்கேயும் இல்லை.

பார்க்க என் கை மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா நான் விரிசலைக் கத்துக்கிட்டதே நிஜ விரிசலைப் பார்த்துத்தானே? நிஜம் என் கை மாதிரி இருந்தா அதுல என்ன அதிசயம்.

அது எங்க வீட்டுக்காரர் கட்டின வளைவு. அதுக்கு அடியில தண்டவாளம். அந்தத் தண்டவாளத்துல நாளன்னைக்கு நாற்பது பிள்ளைங்க.

பத்து நிமிஷத்துல மேனேஜரம்மா வந்துட்டாங்க. பின்னாடியே ஊன்றுகோல் சத்தம். அவருக்கு யார் சொன்னாங்களோ தெரியலை, பார்க்ல கெட்ட சேதிக்கு மட்டும் றெக்கை முளைச்சுடும். நின்னுட்டு இருந்தவங்க எல்லாரும் முதல்ல வளைவைப் பார்த்தாங்க, அப்புறம் அவரைப் பார்த்தாங்க, அப்புறம் அவர் காலைப் பார்த்தாங்க.

மேனேஜரம்மா ஒரு தாளை நீட்டினாங்க. "இது உன் விரிசல்தானேம்மா? எறும்பு மட்டும் விட்டுப் போச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும். இல்லைன்னா சுரங்கத்தை மூடணும், வளைவை உடைச்சுப் பார்க்கணும், திறப்பைத் தள்ளணும். நீயே சொல்லு."

பேனா என் கையில இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் போட்டுடலாமான்னு தோணுச்சு. என் வீம்புதான் போகும், போகட்டுமே. ஏழு மாசம் சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருந்த மனுஷன். 'பாறை கட்டின வளைவு விட்டுடுச்சாம்'னு ஒரு வார்த்தை வெளிய போனா, இந்த பார்க் என்ன, எந்த பார்க்லயும் அவருக்கு வேலை கிடையாது. ஆனா அது என்னோடது இல்லைன்னா? நாற்பது பிள்ளைங்களுக்கு மேல ஒரு வளைவைத் தொங்க விட்டுட்டு நான் எப்படிச் சோறு திங்கிறது? அதுல ஒண்ணு என் பொண்ணா இல்லாட்டியும்தான்.

"தெரியலை"ன்னு சொன்னேன்.

என்னைத் தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு புரியும். டார்ச் சார்கூட டார்ச்சை அணைச்சுட்டு என்னைப் பார்த்தார்.

"சாரம் கட்டச் சொல்லுங்க. மேல ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன். பார்க்காம எழுத மாட்டேன்."

தூக்கு வண்டியை உள்ள கொண்டு வர முடியாது, தண்டவாளம் போட்டாச்சு. கம்பிச் சாரம்தான் கட்டணும். சாரக்காரர் தலையைச் சொறிஞ்சுட்டு, "அஞ்சு மணி நேரமாவது ஆகும்"னார். ஆகட்டும்னு மேனேஜரம்மா பல்லைக் கடிச்சுட்டுப் போனாங்க.

நானும் எங்க வீட்டுக்காரரும் ரயில் நிலையத்து பெஞ்சுல உக்காந்தோம். அந்த பெஞ்சும் சும்மா இல்லை, ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் தணிவு. அப்பா பக்கத்துல பிள்ளை உக்காந்தா ரெண்டு பேர் காலும் தரையில படணும்னு செஞ்சது. அவர் தணிஞ்ச பக்கம் உக்காந்து காலை நீட்டி வெச்சுக்கிட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், ரெண்டு பேருக்கும் இறங்கலை, மூடிட்டேன்.

கம்பி மேல கம்பி வெச்சுத் தட்டுற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அதுக்கு நடுவுல அவர் வாயைத் திறந்தார்.

"அந்த வளைவுக்குக் கலவை பீச்சின மூணாவது நாள் மழை வந்துச்சு. தார்ப்பாய் போட்டு மூடினேன். ஓரத்துல கொஞ்சம் நனைஞ்சிருக்குமோன்னு ஒரு சந்தேகம்."

"எந்தப் பக்கம்?"

"வடக்கு."

"இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"ன்னு கத்தினேன். சாரக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னேனே. இன்ஜினியர் வந்து அங்குலம் அங்குலமாத் தட்டிப் பார்த்தாங்க. எல்லாம் கெட்டியா இருக்குன்னு எழுதியும் குடுத்தாங்க. எல்லாம் சரிதான். என் மனசுதான் கேக்கலை. வீட்டுல படுத்துக் கிடந்தப்போ எல்லாம் அந்த வளைவுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க."

"நீ என் காலுக்கே கவலைப்பட்டுட்டு இருந்தே. வளைவுக்கும் சேர்த்து எதுக்கு?"

ஏழு மாசம் ஒரே அறையில படுத்து எழுந்திருக்கோம், இந்த மனுஷன் தனியா ஒரு வளைவைத் தூக்கிட்டு இருந்திருக்கார். எனக்கு அழுகையா வந்துச்சு.

"காலையில அந்தத் தாள்ல கையெழுத்துப் போட நினைச்சே இல்ல?"ன்னு கேட்டார்.

"யார் சொன்னா? நான் எங்க போட்டேன்?"

"நினைச்சே. பதினாலு வருஷமா உன் மூஞ்சியைப் பார்க்கிறேன். எனக்காகப் போடாதே. விட்டிருந்தா விட்டதுதான். நானே உடைச்சுத் திருப்பிக் கட்டுறேன்."

"கிழிச்சீங்க. முதல்ல ஒழுங்கா நடங்க"ன்னேன். அவர் சிரிச்சார். அன்னைக்குக் காலையிலிருந்து முதல் தடவை.

ரெண்டரை மணிக்குச் சாரம் தயார். அவர் ஊன்றுகோலைச் சுவர்ல சாய்ச்சு வெச்சுட்டுக் கம்பியில கை வைக்கிறார்!

"என்ன பண்றீங்க?"

"நான் கட்டினது. நான்தான் பார்க்கணும்."

"இருக்கிற இன்னொரு காலும் உடையணுமா? இறங்குங்க. ஏய், யாராவது இவரைப் பிடிங்கய்யா!" பிடிக்க ஓடி வந்தவன் யாருன்னா, நான் பத்து மாசமாத் திட்டிட்டு இருக்கிற அதே பராமரிப்பு ஆள். எங்க வீட்டுக்காரரை அணைச்சு உக்கார வெச்சுட்டு, என் பக்கம் திரும்பாமலே தண்ணி வாளியை எடுத்து என் கையில குடுத்தான்.

நான் வாளி, ஸ்பாஞ்ச், கைவிளக்கோட ஏறினேன். பின்னாடி டார்ச் சார். பாதி வழியில திரும்பிப் பார்த்தா, மனுஷன் கண்ணை இறுக்கி மூடிட்டுக் கம்பியைக் கட்டிப் பிடிச்சுட்டு இருக்கார். உயரம்னா ஆகாதாம். பாதுகாப்பு அதிகாரி!

"கீழ பார்க்காதீங்க சார். என் செருப்பைப் பார்த்துட்டே வாங்க."

மேல போய் விளக்கைக் காட்டினேன். விரலால தடவினேன். பள்ளம் தெரிஞ்சுது. அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, நானும் ஆணியால கீறித்தானே போடுவேன். இதுக்குத் தண்ணிதான் சாட்சி. நிஜ விரிசல் தண்ணியைக் குடிச்சுடும். சுவரை நனைச்சு விட்டா, மத்த இடமெல்லாம் காய்ஞ்ச பிறகும் விரிசலோட ரெண்டு ஓரமும் ஈரமா நிக்கும். சாயம் பூசின விரிசல் குடிக்காது, சுவரோட சேர்ந்து காய்ஞ்சுடும்.

பக்கத்துலயே என் விரிசல் இன்னொண்ணு இருந்துச்சு, எறும்போட. ரெண்டையும் சேர்த்து ஸ்பாஞ்சால நனைச்சேன். அப்புறம் காத்திருந்தோம்.

அந்தக் கால் மணி நேரத்தை என்னால சொல்லி மாளாது. சுரங்கத்துக்குள்ள காத்து குறைச்சல், காயவே மாட்டேங்குது. டார்ச் சார் கண்ணைத் திறக்காமலே, "காய்ஞ்சுதாம்மா? காய்ஞ்சுதாம்மா?"ன்னு கேட்டுட்டே இருந்தார். கீழ எங்க வீட்டுக்காரர் தண்டவாளத்து ஓரமா உக்காந்திருந்தார். மேல பார்க்கலை. குனிஞ்சு ஒரு ஜல்லிக் கல்லைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு இருந்தார். எனக்கு அந்தக் கழுத்தைப் பார்க்கப் பார்க்கத் தாங்கலை.

முதல்ல பாறை முகடு வெளுத்துச்சு. அப்புறம் எறும்பு இருக்கிற விரிசலோட ஓரம் வெளுத்துச்சு. இன்னொண்ணு? விளக்கைக் கிட்ட கொண்டு போனேன். கண்ணைத் துடைச்சுட்டுப் பார்த்தேன். இதுவும் வெளுத்திருந்துச்சு. ரெண்டு பக்கமும், மேலேருந்து கீழ வரைக்கும்.

"சார், கண்ணைத் திறங்க!"

டார்ச் சார் ஒரு கண்ணைத் திறந்தார். விரிசலைப் பார்த்ததும் ரெண்டாவது கண்ணும் தன்னால திறந்துச்சு. பையிலிருந்து ஒரு மெல்லிய தகடு எடுத்துப் பள்ளத்துல விட்டுப் பார்த்தார். நகத்தளவுகூட இறங்கலை, அடியில கெட்டியா இடிச்சுது. சுத்தியால சுத்தித் தட்டினார், எல்லா இடத்துலயும் ஒரே சத்தம். "அம்மா, இது வெறும் சாயம்மா. வளைவு கல்லு மாதிரி இருக்கு"ன்னார்.

போன உசுரு திரும்பி வந்துச்சு. அப்படியே பலகையில சாய்ஞ்சு உக்காந்துட்டேன். உக்காந்தவ கண்ணுக்கு நேரா அந்தப் பாறை மடிப்பு. மடிப்புக்குள்ள தூசியில என்னமோ கிடந்துச்சு. எடுத்தேன்.

என் பிரஷ். மூணு முடிப் பிரஷ். கருப்பு காய்ஞ்சு முள்ளு மாதிரி விறைச்சிருந்துச்சு.

விரிசலோட முனையை அப்பதான் ஒழுங்காப் பார்த்தேன். வெளிச்சக் கோடு பாதியில நிக்குது. அதுக்குக் கீழ கட்டைவிரல் அளவுக்கு ஒரு தேய்ப்பு. அதுக்கும் கீழ ஒரே ஒரு கருப்புப் புள்ளி, எறும்புக்குத் தலை வைக்கத் தொட்ட புள்ளி. கீழேயிருந்து பார்த்தா அது தெரியவே தெரியாது.

எனக்கு அப்படியே எல்லாம் திரும்பி வந்துச்சு. நான் அன்னைக்குக் கிணத்தடிச் சுவர்ல இல்லை. இங்கதான் இருந்தேன், இதே உயரத்துல. எறும்புத் தலையை வைக்கிறேன், போன் அடிக்குது. "பாறைண்ணன் விழுந்துட்டார்க்கா." அதுக்கப்புறம் எப்படி இறங்கினேன்னு தெரியாது, கிணத்தடி வழியா ஓடினது மட்டும் நினைவுல ஒட்டிக்கிச்சு. நான் ஆஸ்பத்திரியில கிடந்த பதினொரு நாள்ல வளைவு முடிஞ்சதுன்னு யாரோ டிக் அடிச்சுச் சாரத்தைப் பிரிச்சிருக்காங்க. அந்த ஒரு எறும்பு மட்டும் பத்து மாசமா வெறும் தலையோட நின்னுட்டு இருந்திருக்கு.

அழுதேன். வெக்கமில்லாம, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். டார்ச் சார் பாவம், ஒரு கையால கம்பியைப் பிடிச்சுட்டு இன்னொரு கையால கைக்குட்டையை நீட்டினார்.

"ஏங்க!"ன்னு கீழ பார்த்துக் கத்தினேன்.

அவர் நிமிர்ந்தார். "என்னோடதா?"

"இல்லைங்க! என்னோடது! உங்க வளைவுக்கு ஒண்ணும் இல்லை! முழுக்க முழுக்க என் தப்பு!"

அவர் ரெண்டு கையாலயும் முகத்தை மூடிக்கிட்டார். தோள் குலுங்குச்சு. பக்கத்துல இருந்த பராமரிப்பு ஆள் முதுகைத் தடவிக் குடுத்தான். கொஞ்ச நேரம் கழிச்சுக் கையை எடுத்துட்டு, "உன் வாயால தப்புன்னு சொல்லிக் கேக்க ஒரு சுரங்கமே கட்ட வேண்டியிருக்கு"ன்னார். சுத்தி நின்னவங்க சிரிச்ச சிரிப்பு வளைவுக்குள்ள ரெண்டு சுத்து சுத்தி வந்துச்சு. சிரிச்சுட்டுப் போகட்டும். ஆனைக்கும் அடி சறுக்கும். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு.

அப்பவே சாயம் வரவழைச்சு, வேற பிரஷால வெளிச்சக் கோட்டை முடிச்சேன். எறும்பை வரைஞ்சேன், உள்ளங்கை அளவு. அஞ்சு கால் எப்பவும் போல. இடப்பக்கம் நடுக்காலை மட்டும் கொஞ்சம் மடக்கி விட்டேன். ஏன்னு டார்ச் சார் கேக்கலை. அவருக்கு இறங்கினாப் போதும்னு இருந்துச்சு.

இறங்கினதும் நேராப் பராமரிப்பு ஆள்கிட்ட போனேன். பிரஷைக் காட்டி, "பத்து மாசமா உன்னைத் திட்டினதெல்லாம் தப்பு, மன்னிச்சுக்கோ"ன்னேன். அவன் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துட்டு, "ஒரே நாள்ல ரெண்டு தப்பை ஒத்துக்கிறீங்களே, உடம்புக்கு ஒண்ணும் இல்லையேக்கா?"ன்னான். கேக்குறதுக்கு அவனுக்கு உரிமை இருக்கு, விட்டுட்டேன். மேனேஜரம்மா எங்க வீட்டுக்காரர்கிட்ட, "திறப்பு முடிஞ்சதும் பேசலாம்னு சொன்னேன்ல, அதைப் பேச ஒண்ணும் இல்லை. அடுத்த மலைக்கு நீங்க தரையில நின்னு ஆளுங்களை வேலை வாங்குங்க. சாரத்துல மட்டும் ஏறக் கூடாது"ன்னாங்க. அவர் தலையை ஆட்டினார். நான்தான் சத்தமா, "ஏற விட மாட்டேன்மா"ன்னேன்.

திறப்பு நாள் காலையில பிள்ளைங்க வந்தாங்க. சாவித்துவாரத்துக்கு முன்னாடி வரிசை, கூழாங்கல் தரையில செருப்பைக் கழட்டிட்டு நடக்கிறதுக்கு ஒரு கூட்டம். நானும் அவரும் ரயில் நிலையத்துல ஓரமா நின்னோம். எங்க பொண்ணு முட்டி மோதிப் பித்தளைக் குழாயைப் பிடிச்சுட்டா. ரொம்ப நேரம் கண்ணை எடுக்கலை.

"அம்மா, அங்க ஒரு எறும்புக்குக் கால்ல அடிபட்டிருக்கு."

"ஆமாடி."

எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வேற பக்கம் பார்த்தேன். அவர் ஊன்றுகோலை என் கையில குடுத்துட்டு, மெதுவாக் குனிஞ்சு, பொண்ணு பக்கத்துல குழாய்ல கண்ணை வெச்சார்.

"இடது கால்"னார்.

பொண்ணுக்கு வேற கவலை. "நொண்டி எறும்பு எப்படிம்மா அவ்வளவு உயரத்துல நிக்கும்? விழுந்துடாதா?"

"விழாது. அது நிக்கிறது உங்கப்பா கட்டின சுவர்ல"ன்னேன்.

அவ சரின்னு தலையை ஆட்டிட்டு ரயில்ல ஏற ஓடினா.